வழியற்ற இடத்திற்கு வழி: எம்.ஐ.8 என்னும் சோவியத் ஹெலிகாப்டர்

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் அதன்கண் வரும் மயிற்பொறியை மறவார். பகைவர் அரண்மனையை வளைத்துக்கொண்ட பொழுது, சச்சந்த மன்னன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்ப, அது வான்வழியே சென்று சுடுகாட்டில் இறங்கிற்று. அதன் விசையை வலப்புறம் திருகின் எழும். இடப்புறம் திருகின் தாழும். அப்பொறிக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. இறங்குதற்கு ஒரு நகரமும் வேண்டியதில்லை. நின்ற இடத்தினின்று எழுந்து, வேறு எவ்வூர்தியும் செல்லா இடத்திற்குச் சென்றது. புலவர் கற்பனையிற் கண்ட இவ்வியல்பை நம் காலத்திற் சிறப்பாகப் பெற்றிருப்பது ஹெலிகாப்டர்.

ஹெலிகாப்டர்களுள் பல வகை உண்டு. அவற்றுள் சோவியத் நாட்டில் தோன்றிய எம்.ஐ.8 என்பதும், அதன் வழிவந்த எம்.ஐ.17 முதலியனவும் ஆகிய இக்குடும்பத்தில் 12,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இவற்றைக் கையாண்டுள்ளன. இலக்கியம் பயிலும் மாணாக்கருக்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என வினவுவோர் உளராயின், விடை எளிது. நம் மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது உணவு கொணர்ந்ததும் இக்குடும்பத்ததே. நம் நீலகிரியில் வீழ்ந்து எரிந்ததும் இக்குடும்பத்ததே. ஆதலின், அஃது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, உலகிற்கு யாது செய்தது என்பனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தேன்.

தோன்றிய காரணம்

உருசிய நாட்டின் பெரும்பரப்பு சைபீரியாவே. குளிர்காலத்தில் அங்கே ஆறுகள் உறைந்து சாலைகளாகின்றன. கோடையிலோ பனி உருக, நிலம் பல்லாயிரம் சதுர மைல் அளவிற்குச் சதுப்பாகி விடுகிறது. இருப்புப்பாதை அமைப்பதும் அரிது; விமானத்திற்கு ஓடுதளம் அமைப்பதும் அரிது. அத்தகைய நிலத்தின் கீழேதான் அந்நாட்டின் எண்ணெய்ச் செல்வம் புதைந்து கிடந்தது. மேற்குச் சைபீரியாவின் சமத்லோர் எண்ணெய்வயல் 1965-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே எம்.ஐ.8 கசான் நகரத்துத் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்யப்படத் தொடங்கியது. இவ்விரண்டும் ஓராண்டில் நேர்ந்தது தற்செயலே எனினும், தேவையும் கருவியும் ஒருங்கே வந்து கூடின என்பது மெய். துளையிடும் குழாய்களையும், தொழிலாளரையும், அவர்தம் உணவையும், நோயுற்றவரையும் சுமந்து, இவ்வூர்தி சதுப்பின்மீது நாடோறும் பறக்கலாயிற்று.

இதனைப் படைத்த மிகயீல் லியோன்டியெவிச் மில் என்பார் சைபீரியாவிலேயே பிறந்தவர். 1909-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இர்குட்ஸ்க் நகரிற் பிறந்த அவர், 1931-இல் நோவோசெர்காஸ்க் நகரிற் பொறியியற் கல்வியை நிறைவுசெய்தார். அந்நாளில் ஹெலிகாப்டர் இன்னும் செவ்வையாக உருப்பெறவில்லை. ஸ்பெயின் நாட்டு ஹுவான் தெ லா சியர்வா என்பார் 1923-இல் பறக்கவிட்ட ஆட்டோகைரோ என்னும் ஊர்தியே அறிஞர் கருத்தைக் கவர்ந்திருந்தது. அதன் மேல்விசிறியை எஞ்சின் சுழற்றுவதில்லை. ஊர்தி முன்னோக்கி ஓடும்போது எதிர்வரும் காற்றே சுழற்றும். ஆகலின், அஃது ஓரிடத்தில் அசையாது நிற்க இயலாது. மில் முதலில் ஆட்டோகைரோக்களை ஆராய்ந்தே சுழலும் இறகின் இயல்பை நுட்பமாக அறிந்தார். கீவ் நகரிற் பிறந்து அமெரிக்கா சென்ற ஈகோர் சிக்கோர்ஸ்கி 1939-இல் வி.எஸ்.300 என்னும் ஹெலிகாப்டரை எழுப்பிக் காட்டியபின், உலகின் நாட்டம் அத்திசையிற் சென்றது.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் மில் தலைமையில் ஒரு வடிவமைப்புக் கூடம் ஏற்பட்டது. அவர்தம் பெயரின் முதலெழுத்துகளே "எம்.ஐ." என அதன் ஊர்திகளுக்கெல்லாம் பெயராயின. 1948-இல் எம்.ஐ.1 என்னும் சிறிய ஊர்தி பறந்தது. கொரியப் போரில் ஹெலிகாப்டரின் பயனைக் கண்ட சோவியத் அரசு, பெரிய ஊர்தியொன்றை ஓராண்டிற்குள் செய்து முடிக்குமாறு 1951-இற் பணித்தது. 1952-இல் எம்.ஐ.4 எழுந்தது. 1957-இல் அதனினும் மிகப் பெரிய எம்.ஐ.6 பறந்தது.

எம்.ஐ.4 நல்ல ஊர்தியே. எனினும் அதற்கு ஒரு குறை இருந்தது. அதன் பிஸ்டன் எஞ்சின் மிகக் கனமானது. அதனை மூக்கிற்குள் வைக்க நேர்ந்தமையால், வானோடிகள் அதற்கு மேலே ஓர் உயர்ந்த அறையில் அமர வேண்டியிருந்தது. மில் இதனை மாற்றக் கருதினார். டர்பைன் எஞ்சின் அதே ஆற்றலை மிகக் குறைந்த எடையில் தரும். அதனைக் கூரைமேல் வைத்துவிட்டால் மூக்கு முழுதும் வானோடிகளுக்கு ஆகும். வயிறு முழுதும் சுமைக்கு ஆகும். 1961-இல் ஒற்றை எஞ்சினோடு முதல் மாதிரி பறந்தது. ஒன்று பழுதுற்றால் உயிர் தப்ப வழியின்மையால், 1962-இல் இரண்டு எஞ்சின்களோடு அடுத்த மாதிரி செய்யப்பட்டது. எம்.ஐ.4-இலிருந்து பெற்ற நான்கு இறகுகளுக்கு மாறாக ஐந்து இறகுகள் அமைந்தன. இதுவே எம்.ஐ.8 ஆயிற்று. மில் 1970-ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். அவர் ஊர்தியோ அவரினும் நெடுநாள் வாழ்கிறது.

இயங்கும் முறை

எம்.ஐ.8-இன் மேல்விசிறி ஏறத்தாழ 21.3 மீட்டர் குறுக்களவு உடையது. அதன் ஐந்து இறகுகளும் விமானத்தின் சிறகை ஒத்தன. விமானம் தான் விரைந்தோடித் தன் சிறகிற்குக் காற்றைத் தருகிறது. ஹெலிகாப்டரோ தான் நின்றவாறே சிறகைச் சுழற்றிக் காற்றைப் பெறுகிறது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையின் வேர் இதுவே.

எஞ்சின்கள் இரண்டும் தனித்தனி ஏறத்தாழ 1,500 குதிரைத்திறன் உடையன. எஞ்சினின் தண்டு நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும். அவ்விரைவோடு இறகைச் சுழற்றின் இறகு சிதறிப் போகும். ஆகவே பற்சக்கரப் பெட்டியொன்று அவ்விரைவைத் தணித்து, மேல்விசிறியை நிமிடத்திற்கு 192 முறை மட்டுமே சுழலச் செய்கிறது. அங்ஙனம் தணித்தும், இறகின் நுனி விநாடிக்கு 214 மீட்டர் விரைவிற் செல்கிறது.

மேல்விசிறி ஒரு திசையிற் சுழலுமாயின், ஊர்தியின் உடல் எதிர்த்திசையிற் சுழல முயலும். சுழல்நாற்காலியில் அமர்ந்து, கையிலுள்ள கனத்த சக்கரத்தைச் சுழற்றுவோர் இதனை எளிதில் உணர்வர். இதனைத் தடுத்தற்கே வாலின் நுனியிற் சிறு விசிறி நிற்கிறது. எம்.ஐ.8-இல் அவ்வால்விசிறி வலப்பக்கத்தில் உள்ளது. எம்.ஐ.17-இல் அஃது இடப்பக்கத்திற்கு மாற்றப்பட்டது. தரையில் நின்று பார்ப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

வானோடியின் இடக்கையில் ஒரு நெம்புகோலும், வலக்கையில் மற்றொன்றும் உள. இடக்கைக்கோலை உயர்த்தினால் ஐந்து இறகுகளும் ஒருசேரச் சாய்வு மிகுந்து ஊர்தியை மேலெழச் செய்யும். வலக்கைக்கோலை முன்னே தள்ளினால், ஒவ்வோர் இறகும் சுற்றிவரும்போது ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் சாயும். அதனால் விசிறி முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து ஊர்தியை இழுத்துச் செல்லும். கால்களால் வால்விசிறியை ஆள்வர்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஹெலிகாப்டர் ஏன் விமானத்தைப்போல் விரைந்து செல்வதில்லை? ஊர்தி மணிக்கு 225 கிலோமீட்டர் செல்கையில், முன்னோக்கி வரும் இறகின் நுனி காற்றை விநாடிக்கு 276 மீட்டர் விரைவோடு எதிர்கொள்ளும். பின்னோக்கிச் செல்லும் இறகின் நுனியோ ஏறத்தாழ 152 மீட்டர் விரைவே பெறும். தூக்கும் ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஒருபுறத்து நுனி மறுபுறத்ததைக் காட்டிலும் மூன்று மடங்கிற்கு மேல் தூக்க முயலும். இதனைச் சமன்செய்ய இறகுகள் கீல்களிற் பூட்டப்பட்டுள்ளன. மிகுதியாகத் தூக்கும் இறகு தானே மேலெழுந்து தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். எனினும் இத்திருத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையே ஹெலிகாப்டரின் விரைவிற்கும் எல்லையாகிறது.

எஞ்சின்களுள் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று தானாகவே ஆற்றலைப் பெருக்கிக்கொள்ளும். இரண்டும் நின்றாலும், வீழும்போது கீழிருந்து வரும் காற்று மேல்விசிறியைச் சுழற்றும். மில் தம் இளமையில் ஆராய்ந்த ஆட்டோகைரோவின் இயல்பு அதுவே. திறமையுடைய வானோடி அச்சுழற்சியைக் கொண்டு ஊர்தியைத் தரையில் இறக்க வல்லவர்.

இவ்வூர்தியில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வோர் இறகின் முதுகெலும்பும் உள்ளே குழாய் போன்ற உலோகத் தண்டாகும். அதனுள்ளே காற்றை அழுத்தி அடைத்துள்ளனர். கண்ணுக்குப் புலப்படாத மயிரளவு வெடிப்பு எங்கேனும் தோன்றினும், காற்றுக் கசிந்து அழுத்தம் குறையும். உடனே இறகின் அடியிலுள்ள சிறு குறிகாட்டியிற் சிவப்பு நிறம் வெளிப்படும். பறக்குமுன் தரைப்பணியாளர் அச்சிவப்பு உளதா எனப் பார்ப்பர். அவர் பாராமல் விடின் அந்நுட்பத்தாற் பயன் யாது? இயந்திரம் உண்மை கூறுகிறது. அதனைக் காணும் கண் மாந்தருடையதாகவே உள்ளது.

வயிற்றறையின் பின்புறம் சிப்பியைப்போல் இரண்டாகத் திறக்கும் கதவுகளை உடையது. அதனுள் 24 படைவீரர் அமரலாம். பயணிகளுக்கென அமைத்த வகையில் 28 பேர் செல்லலாம். பண்டமாயின் 4,000 கிலோகிராம் ஏற்றலாம். வெளியே கயிற்றில் தொங்கவிடின் 3,000 கிலோகிராம்.

செர்னோபில்

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் நள்ளிரவிற்குப் பின், சோவியத் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. கூரை சிதறியது, உள்ளே தீ எரிந்தது, கதிர்வீச்சு வானிற் பரவிற்று. மேலிருந்து அன்றி அவ்வுலையை அணுக வழியில்லை. மறுநாள் முதல் எம்.ஐ.8, எம்.ஐ.6, எம்.ஐ.26 ஆகிய ஹெலிகாப்டர்கள் அதன்மேற் பறந்தன.

தொடக்கத்தில் மணல் மூட்டைகளை வீரர் தம் கையாலேயே திறந்த கதவின் வழியாகத் தள்ளினர். தள்ளுவோர் குனிந்து கீழே பார்த்தாலன்றிக் குறி தப்பும். பார்த்தாலோ கதிர்வீச்சு முகத்திலே தாக்கும். தரைமீது ஈயத் தகடுகளைப் பரப்பி அதனை ஒருவாறு தடுக்க முயன்றனர். பின்னர்ப் பாராசூட்டுகளையே பைகளாக்கி அவற்றில் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். மணல், களிமண், ஈயம், போரான், டோலமைட் என ஏறத்தாழ 5,000 டன் பொருள் அவ்வாறு வீசப்பட்டது. ஆயின் பிற்காலத்து ஆராய்ச்சியோ, அவற்றுட் பெரும்பகுதி உலையின் குழியில் வீழவேயில்லை எனக் காட்டிற்று. வீசியோர் அதனை அன்று அறியார். அறிந்தவரையில் செய்யத்தக்கதைச் செய்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள், உலையை மூடும் கட்டடத்தருகே பறந்த எம்.ஐ.8 ஒன்றின் இறகுகள் பாரந்தூக்கியின் கம்பியில் மோதின. ஊர்தி தலைகீழாய் வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கதிர்வீச்சு ஏறிய ஹெலிகாப்டர்கள் பல பின்பு ரஸ்ஸோகா என்னும் இடத்துத் திடலில் மீண்டும் பறவாதபடி கைவிடப்பட்டன. இயந்திரங்களுக்கும் ஓர் இடுகாடு அமைந்தது.

உணவும் படைக்கலமும்

வழியற்ற இடத்திற்குச் செல்ல வல்ல ஊர்தி அங்கே எதனைக் கொண்டுசெல்கிறது என்பதை ஊர்தி தீர்மானிப்பதில்லை. ஆப்கானிஸ்தானத்தில் 1979 முதல் 1989 வரை நிகழ்ந்த போரில், எம்.ஐ.8 சோவியத் வீரரை மலைமுகடுகளில் இறக்கிற்று, காயமுற்றோரைச் சுமந்து மீண்டது, ராக்கெட்டுகளையும் எய்தது. அம்மலைகளின் மெல்லிய வெப்பக்காற்றில் எஞ்சின்கள் திணறின. எழுந்த புழுதி அவற்றை அரித்தது. ஆற்றல் மிக்க எஞ்சினும் புழுதித் தடுப்பும் உடைய புதுவகை ஆண்டு மிகுதியாகப் பயன்பட்டது. அதன் ஏற்றுமதி வடிவமே எம்.ஐ.17 எனப் பெயர் பெற்று, 1981-ஆம் ஆண்டு பாரிசு வான்காட்சியில் உலகிற்குக் காட்டப்பட்டது.

ஆப்பிரிக்காவில் சாலைகள் மழையில் மறைந்துபோகும் நாடுகளுக்கு, ஐக்கிய நாடுகள் சபையின் பொருட்டு உணவும் மருந்தும் சுமந்து செல்வனவும் இக்குடும்பத்து ஊர்திகளே. அப்பணியும் இடரற்றதன்று. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், தெற்குச் சூடானில் ஐ.நா. பணியிற் சென்ற எம்.ஐ.8 ஒன்றை அந்நாட்டுப் படையினரே சுட்டு வீழ்த்த, அதனைச் செலுத்திய உருசியர் நால்வர் உயிர் துறந்தனர். 2022-இல் மூண்ட உக்ரைன் போரில் இருதரத்தாரும் எம்.ஐ.8-ஐயே செலுத்தினர். செர்னோபில் உலைமேல் ஒரே அணியாய் நின்றவரின் நாடுகள், அதே ஊர்தியில் ஏறி எதிரெதிர் நின்றன.

தமிழர் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, இந்திய எம்.ஐ.8 ஊர்திகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலிற் படைவீரரை இறக்கின. கடுஞ்சூட்டினால் ஊர்திகள் பழுதுற, மேலும் வீரரைக் கொண்டுவர இயலாது போயிற்று. இறங்கிய சீக்கியப் பிரிவினர் முப்பதின்மருள் ஒருவரே உயிருடன் எஞ்சினார். மாணாக்கர் விளையாடிய திடல் பிணக்களமாயிற்று. பதினேழு ஆண்டு கழித்து, 2004-ஆம் ஆண்டுச் சுனாமியின்போது, அதே வகை ஊர்திகள் இலங்கைக்கு மீண்டும் சென்றன. இம்முறை அவை கொண்டுசென்றவை நிவாரணப் பொருள்கள்.

இந்திய வானில்

இந்திய விமானப்படையில் எம்.ஐ.8 1972-ஆம் ஆண்டு முதல் பணியாற்றியது. 1984-இற் சியாச்சின் பனியாற்றில் நம் படை நிலைகொண்டபோது சுமை சுமந்தவற்றுள் இதுவும் ஒன்று. சுனாமி கார் நிகோபார் விமானத்தளத்தை அழித்து, அங்கே விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிய நாளில், அத்தளத்து எம்.ஐ.8 வானோடிகள் தம் இழப்பையும் பொருட்படுத்தாது எழுந்து நீரிடைச் சிக்கிய மக்களை மீட்டனர். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரை அடுத்த எலகங்காவில் எம்.ஐ.8-க்கு விடை கொடுக்கப்பட்டது.

அதன் இடத்தை எம்.ஐ.17-உம், அதன் புதிய வகையாகிய எம்.ஐ.17வி5-உம் ஏற்றன. 2013-ஆம் ஆண்டு சூனில் உத்தராகண்டத்து மலைவெள்ளத்தில் யாத்திரிகரை மீட்கச் சென்ற எம்.ஐ.17வி5 ஒன்று கௌரிகுண்டத்தருகே மோதி வீழ, மீட்கச் சென்றோர் இருபதின்மர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் நீரில் மூழ்கியபோது, கோயம்புத்தூரை அடுத்த சூலூர்த் தளத்து ஊர்திகள் உணவுப் பொட்டலங்களை வழங்கின.

அச்சூலூரிலிருந்தே அதற்கு இரண்டாண்டு முன்னர், 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், எம்.ஐ.17வி5 ஒன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அவர்களையும் அவர்தம் துணைவியாரையும் பிறரையும் ஏற்றிக்கொண்டு வெலிங்டன் நோக்கிப் புறப்பட்டது. குன்னூர்ப் பள்ளத்தாக்கில் எதிர்பாராது மேகம் சூழ்ந்தது. வானோடி திசையும் நிலையும் அறியாது மயங்க, பழுதற்ற ஊர்தி மலையில் மோதிற்று என்று விசாரணை கூறியது. பதினால்வருள் பதின்மூவர் அன்றே இறந்தனர். எஞ்சிய ஒருவரும் ஒருவாரத்திற் காலமானார்.

அவ்விடத்தை முதலில் அடைந்தோர் யாவர்? நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரில் வாழும் எளிய மக்கள். குடங்களில் நீர் கொணர்ந்து தீயை அவிக்க முயன்றனர். தம் கம்பளிகளைக் கொடுத்து, எரியுண்டோரை அவற்றிற் கிடத்தித் தூக்க உதவினர். வழியற்ற இடத்திற்கெல்லாம் சென்ற ஊர்தி தானே வழியற்ற இடத்தில் வீழ்ந்தபொழுது, அதனிடம் சென்றவை மாந்தர் கால்களே.

முடிவுரை

எம்.ஐ.8 அழகிய ஊர்தி அன்று. பருத்த வயிறும் வட்டச் சாளரங்களும் செவியைத் துளைக்கும் ஓசையும் உடையது. எனினும் அறுபது ஆண்டுகட்கு மேலாக உலகம் அதனைக் கைவிடவில்லை. என்னை? சாலை இல்லாத இடத்திலும் மாந்தர் வாழ்கின்றனர். அவருக்கும் பசியும் நோயும் உண்டு. அவ்விடத்தை அடைதற்கு ஒரு கருவி வேண்டும்.

கருவியைப் படைத்தது அறிவு. இறகின் அடியிற் சிவப்பு உளதா எனப் பார்ப்பது கடமையுணர்ச்சி. எரியும் உலையின்மேல் நின்று குனிந்து நோக்கியது வீரம். ஆனால் அதன் வயிற்றறையில் மருந்தை ஏற்றுவதா, வெடியை ஏற்றுவதா என்பதை இவற்றுள் எதுவும் முடிவுசெய்வதில்லை. தரையில் நின்று அனுப்புவோரே முடிவுசெய்கின்றனர். அறிவியல் பயிலும் நம் தோழர் நாளை இதனினும் சிறந்த ஊர்திகளைப் படைப்பர். அவற்றை எங்கே, எதன்பொருட்டு அனுப்புவது என ஆராய்வது அவர்க்கும் நமக்கும் பொதுவாகிய பாடமாம்.